ஒகேனக்கல் தண்ணியில யாரெல்லாம் இருக்காங்க?

"சூழல் சுற்றுலான்னா காட்டுக்குள்ள ரிசார்ட்டா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. எங்க தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கலை வச்சே சொல்றேன்.

ஒகேனக்கல்னா நமக்கு அருவி, எண்ணெய் மசாஜ், பரிசல், மீன் வறுவல். காலேஜ் படிக்கும்போது நானும் அப்படித்தான் போனேன். குளிச்சுட்டு ஷாம்பு பாக்கெட்டைப் பாறையிலேயே போட்டுட்டு வந்தேன்.

அந்தத் தண்ணீர் அடுத்துப் போய்ச் சேர்வது மேட்டூர் அணைக்கு. அந்த ஆற்றில் நீர்நாய், முதலை, ஆமை எல்லாம் வாழ்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரியை ஒட்டிய சுமார் 686 சதுர கிலோமீட்டர் காட்டை, 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு காவேரி தெற்கு வன உயிரின சரணாலயமாக அறிவித்தது.

இதெல்லாம் அப்போ எனக்குத் தெரியாது. அடுத்த தடவை போனப்போ பரிசல்கார அண்ணன் துடுப்பை நிறுத்திட்டு, "அதோ பாருங்க தம்பி, நீர்நாய்"ன்னார். ஒரு நிமிஷம்தான். அன்னைக்கு ஷாம்பு பாக்கெட் என் பையிலேயே வீட்டுக்கு வந்துச்சு.

சூழல் சுற்றுலாவோட வேலை இதுதான். கிளம்பும்போது ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க: நான் குடுத்த காசு அந்த ஊர்க்காரங்க கைக்குப் போச்சா? அங்க வாழ்ற ஒரு உயிரைப் பத்தியாவது தெரிஞ்சுக்கிட்டேனா? ரெண்டுக்கும் இல்லைன்னா, அது வெறும் டூர்தான்.