ஒரு ஆரஞ்சு, ஒரு சுவர், எட்டு குரல்!

உங்க கையில ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தா என்ன பண்ணுவீங்க? உரிச்சு சாப்பிடுவீங்க. பக்கத்துல ஃப்ரெண்டு இருந்தா ரெண்டு சுளை கொடுப்பீங்க (அதுவும் அவன் பிடுங்கினாதான்!). கரோலின் ஷா என்ன பண்ணாங்க தெரியுமா? அதோட அழகை ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கு இசையா எழுதிட்டாங்க. பேரு 'வலென்சியா'. எழுதின வருஷம் 2012. ஆரஞ்சுக்கெல்லாம் ம்யூசிக்கான்னு சிரிக்காதீங்க. அவங்க மூளை அப்படித்தான் வேலை செய்யுது.

'வெஸ்டர்ன் கிளாசிக்கல் கம்போஸர்'னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற உருவம் என்ன? சுருட்டை விக், கழுத்துல வெள்ளைத் துணி, இருநூறு வருஷத்துக்கு முன்னாடி போய்ச் சேர்ந்த ஒரு ஐரோப்பியத் தாத்தா. அந்த போட்டோவைக் கழட்டி வெச்சுடுங்க. இந்தக் கட்டுரையோட ஹீரோயின் 1982-ல பிறந்தவங்க. ஊர், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துல இருக்கிற கிரீன்வில். அம்மா வயலின் டீச்சர். விளைவு, ரெண்டு வயசுலயே கையில வயலின். அப்புறம் ரைஸ், யேல்னு யுனிவர்சிட்டி யுனிவர்சிட்டியா படிப்பு. பிறகு பிரின்ஸ்டன்ல இசையமைப்புல டாக்டரேட் படிக்கப் போனாங்க.

அப்படி மாணவியா இருந்தப்பதான் அந்த அதிரடி!

2013 ஏப்ரல். இசைக்கான புலிட்சர் பரிசு அறிவிப்பு. 1943-ல இருந்து கொடுக்கிற பரிசு அது. 2018-ல ராப்பர் கென்ட்ரிக் லாமார் வாங்கினாரே, அதேதான். 'பார்ட்டிடா ஃபார் எய்ட் வாய்ஸஸ்' என்ற படைப்புக்காக கரோலின் ஷாவுக்குக் கொடுத்தாங்க. அப்போ வயசு 30. அந்தப் பரிசை அவ்வளவு சின்ன வயசுல அதுவரைக்கும் யாருமே வாங்கினதில்லை. இதுல இன்னொரு விஷயம்... பெரிய மனுஷங்க யாரும் சிபாரிசு பண்ணலை. அவங்களே தன் படைப்பைப் போட்டிக்கு அனுப்பி வெச்சாங்க. 'நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகுது'ன்னு கல்ச்சுரல்ஸ் நோட்டீஸைப் பார்த்துட்டு கேன்டீன் பக்கம் நடையைக் கட்டுற மக்களே, நோட் பண்ணிக்குங்க!

கெப்பாசிட்டர் ஃபேக்டரியில ஒரு பாட்டு

'ரூம்ஃபுல் ஆஃப் டீத்'. பல் டாக்டர் கிளினிக் இல்லீங்க. பிராட் வெல்ஸ் என்பவர் 2009-ல ஆரம்பிச்ச எட்டு பேர் பாட்டுக் குழு. அதுல கரோலினும் ஒரு குரல். இவங்க கோடை காலத்துல கூடிப் பாடுற இடம், மாசசூசெட்ஸ் மாநிலத்துல இருக்கிற மாஸ் மோக்கா என்ற மியூசியம். அந்தக் கட்டடங்கள் ஒரு காலத்துல துணி மில். அப்புறம் 1985 வரைக்கும் ஸ்ப்ரேக் எலெக்ட்ரிக் கம்பெனி அங்கே கெப்பாசிட்டர் தயாரிச்சுது. ஈ.சி.ஈ. பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

அந்த மியூசியத்துல சால் லெவிட் என்ற ஓவியரோட சுவர் ஓவியங்கள் நூத்துக்கும் மேல இருக்கு. விசேஷம் என்னன்னா, அதை அவர் வரையலை. எப்படி வரையணும்னு வார்த்தையில எழுதி வெச்சார். அதைப் படிச்சு மத்தவங்க வரைஞ்சாங்க. அதுல ஸ்டூடண்ட்ஸும் உண்டு. இந்த மூலைக்கும் அந்தப் பக்கத்தோட நடுப்புள்ளிக்கும் நடுவுல ஒரு புள்ளி, அங்கேயிருந்து இன்னொரு கோடுன்னு பக்கா புரோகிராம் மாதிரி போகும். அல்காரிதம் அவரோடது, எக்ஸிக்யூஷன் மத்தவங்களோடது!

305-ம் நம்பர் சுவர் ஓவியத்தோட இந்தக் குறிப்புகளைக் கரோலின் பாட்டுக்குள்ள எடுத்துக்கிட்டாங்க. 'பார்ட்டிடா'வோட முதல் பகுதியான 'அலமாண்ட்' எப்படித் தொடங்கும் தெரியுமா? பாட்டே கிடையாது. ஒரு குரல் சும்மா பேசும். அது மேல இன்னொரு குரல், அதுக்கு மேல இன்னொண்ணு. அமெரிக்க கிராமத்து ஸ்கொயர் டான்ஸ்ல 'இப்படிப் போ, அப்படித் திரும்பு'ன்னு கத்துவாங்களே, அந்த மாதிரி கட்டளைகளும் நடுவுல கலக்கும். பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஒரே இரைச்சல். திடீர்னு எட்டு குரலும் சேர்ந்து ஒரே ஸ்வரக்கூட்டா விரியும் பாருங்க... சிலிர்க்கும்!

நாலு பகுதிகளுக்கும் அலமாண்ட், சரபாண்ட், கூராண்ட், பஸகாலியான்னு பழைய ஐரோப்பிய இசை வடிவங்களோட பேர்தான். ஜெர்மனியோட பாக் முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி 'பார்ட்டிடா' எழுதினப்போ இருந்த மாதிரியான பேர்கள். டப்பா பழசு, உள்ளே இருக்கிற சரக்கு புதுசு.

பிளான், எலிவேஷன்... ஞாபகம் இருக்கா?

ஃபர்ஸ்ட் இயர்ல டிராஃப்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு அலைஞ்சோமே, அந்த கிராஃபிக்ஸ் பேப்பரை மறக்க முடியுமா? மேலேயிருந்து பார்த்தா பிளான், முன்னாடியிருந்து பார்த்தா எலிவேஷன். 2015-ல கரோலின் எழுதின ஒரு படைப்போட பேரே 'பிளான் அண்ட் எலிவேஷன்'! வாஷிங்டன்ல டம்பார்டன் ஓக்ஸ்னு ஒரு ஆராய்ச்சி நிலையம், அதைச் சுத்தி அழகான தோட்டம். அங்கே தங்கி வேலை பார்த்தப்போ, தோட்டத்தோட ஒவ்வொரு மூலையையும் ஒரு பகுதியா எழுதினாங்க. மொத்தம் அஞ்சு.

அதுல ஒண்ணு 'கட்டிங் கார்டன்'. வெட்டி ஜாடியில வைக்கிறதுக்காகவே பூ வளர்க்கிற தோட்டம். கரோலின் என்ன செஞ்சாங்க? மோஸார்ட், ராவெல் எழுதின இசையிலேர்ந்தும், தன்னோட பழைய படைப்புகள்லேர்ந்தும் துண்டு துண்டா வெட்டி பூங்கொத்து கட்டிட்டாங்க. இதை ஒளிச்சு மறைச்சு செய்யலை. எங்கேயிருந்து எடுத்தேன்னு அவங்களே குறிப்பு எழுதி வெச்சாங்க. 2011-ல எழுதின 'ஆன்ட்ராக்ட்'டும் அப்படித்தான். ஹைடனோட ஒரு குவார்ட்டெட்டைக் கச்சேரியில கேட்டு, அந்த தாக்கத்துல பிறந்தது. ஓர் இடத்துல வில்லு நரம்பை லேசா மட்டும் தொடும். ஸ்வரம் கரைஞ்சு வெறும் மூச்சுச் சத்தம்தான் மிஞ்சும்.

ஆக, அவங்க ரெசிபி இவ்வளவுதான். பிடிச்ச ஒரு பொருளை எடு. அதை உத்துப் பார். அதுக்குள்ள ஒரு விதி இருக்கும், கண்டுபிடி. அப்புறம் அந்த விதியை உன் இஷ்டத்துக்கு வளை!

எடுக்கலாம்... யார்கிட்டேயிருந்து?

இங்கேதான் கதையில ஒரு முள்.

கனடாவோட ஆர்க்டிக் பனிப் பிரதேசத்துல வாழ்ற இனுயிட் மக்கள்கிட்ட 'கடஜாக்'னு ஒரு தொண்டைப் பாட்டு உண்டு. ரெண்டு பெண்கள் முகத்துக்கு முகம் பார்த்து நின்னு, மூச்சை உள்ளே வெளியே இழுத்து மாத்தி மாத்தி சத்தம் எழுப்புவாங்க. யார் முதல்ல சிரிக்கிறாங்களோ அவங்க அவுட்! விளையாட்டுதான், ஆனா அதை மிஷனரிகள் பல வருஷம் பாடவிடாம தடுத்தாங்க. பாட்டிமார் ஞாபகத்துல உயிரோட இருந்து மீண்டு வந்த கலை அது.

'கூராண்ட்' பகுதியில இந்தப் பாணி மூச்சுச் சத்தம் வருது. 2019 அக்டோபர்ல, இனுயிட் பாடகி டான்யா டகாக் பகிரங்கமா கேள்வி கேட்டாங்க. சாதாரண ஆள் இல்லை, கனடாவோட போலாரிஸ் பரிசை 2014-ல ஜெயிச்சவங்க. எங்க பாட்டு உங்க படைப்புக்குள்ள இருக்கு. அதுக்கான பேரும் பலனும் எங்க மக்களுக்கு எங்கே? இதுதான் அந்தக் கேள்வியோட சாரம்.

கரோலினும் பிராட் வெல்ஸும் பதில் சொன்னாங்க. 2010-ல ரெண்டு இனுயிட் பாடகிகள்கிட்ட குழு முறையா கத்துக்கிட்ட விஷயத்தை விளக்கினாங்க. இனிமே இன்னும் தெளிவா பேர் சொல்றதாவும் ஏத்துக்கிட்டாங்க.

கொஞ்சம் யோசிங்க. ஹைடன் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர்கிட்ட கடன் வாங்கினா அவர் குடும்பம் நஷ்டப்படப் போறதில்லை, அவர் பேரும் அழியப் போறதில்லை. லெவிட் பேர் மியூசியத்துலயே இருக்கு. ஆனா, பாடவே கூடாதுன்னு தடுக்கப்பட்ட ஒரு ஜனத்தோட பாட்டு? அதை ஃபீஸ் கட்டிக் கத்துக்கிட்டா மட்டும் கணக்கு முடிஞ்சிடுமா? 'முடியாது'ன்னுதான் எனக்குத் தோணுது. கத்துக்கிறது ஒரு பாதின்னா, யார்கிட்ட கத்துக்கிட்டோம்னு மேடையில நின்னு சொல்றது மீதிப் பாதி.

இதுக்காக கரோலினைத் தூக்கிக் குப்பையில போடணும்னு சொல்லலை. 'பார்ட்டிடா' இன்னிக்கும் அற்புதமான படைப்புதான். உலகத்துல யாரும் வெறும் காத்துலேர்ந்து எதையும் உருவாக்கறதில்லை. ஆரஞ்சு, சுவர், தோட்டம், பக்கத்து வீட்டுப் பாட்டு... எல்லாமே கச்சாப் பொருள்தான். ஆனா ஆரஞ்சு கேள்வி கேட்காது. மனுஷங்க கேட்பாங்க. கேட்கறதுக்கு அவங்களுக்கு உரிமையும் இருக்கு.

கல்ச்சுரல்ஸுக்கு மிக்ஸ் பண்றீங்களா? ஷார்ட் ஃபிலிமுக்கு பி.ஜி.எம். தேடுறீங்களா? ஊர்த் திருவிழாவுல ஒரு பெரியவர் அடிச்ச தாளத்தை செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கீங்களா? சூப்பர், தாராளமா பண்ணுங்க. டைட்டில் கார்டுல உங்க பேர் வர்ற இடத்துக்கு மேல ஒரு வரி காலியா விடுங்க. அந்தப் பெரியவரைத் தேடிப் போய், "ஐயா, உங்க பேரு என்ன?"ன்னு கேட்டு அதை நிரப்புங்க.

இன்னிக்கு நைட் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, லைட்டை அணைச்சுட்டு, 'பார்ட்டிடா' முழுசும் கேளுங்க. அரை மணி நேரம்கூட ஆகாது. 'கூராண்ட்' வரும்போது மட்டும், அந்த மூச்சு எந்த ஊரிலேர்ந்து கிளம்பி உங்க காதுக்கு வந்திருக்குன்னு ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க!