புதினம் திரைப்படமாகும்போது இசைக் குறிப்புகள் மாறுதல்

புதினங்களில் பாடல், இசைக்கோவை, இசையமைப்பாளர் ஆகியோரைப் பற்றி வரும் செய்திகள் இசைக் குறிப்புகள் எனப்படும். எழுத்தில் இசையின் பெயரைச் சொன்னால் போதும். வாசகர் அதைக் கற்பனை செய்துகொள்வார். திரையில் அந்த இசை ஒலித்தாக வேண்டும். இதனால் புதினம் படமாகும்போது இசைக் குறிப்புகள் மாறுகின்றன. சில இடங்களில் கதையின் பொருளும் சேர்ந்தே மாறுகிறது.

ஏ கிளாக்வொர்க் ஆரஞ்ச்

அந்தோனி பர்ஜெஸ் 1962இல் எழுதிய இப்புதினத்தை ஸ்டான்லி குப்ரிக் 1971இல் படமாக்கினார். பர்ஜெஸ் இசையமைப்பாளரும் ஆவார். கதைநாயகன் அலெக்ஸ் வன்முறையாளன். ஆனால் மேற்கத்தியச் செவ்வியல் இசையில் உயிரையே வைத்திருப்பவன். அவனைத் திருத்துவதற்காக, குமட்டல் உண்டாக்கும் மருந்தைச் செலுத்தி வன்முறைப் படங்களைப் பார்க்க வைக்கின்றனர். அப்போது பின்னணியில் ஒலிப்பது புதினத்தில் பேத்தோவனின் 5ஆம் சிம்பொனி. படத்தில் 9ஆம் சிம்பொனி.

விளைவும் வேறுபடுகிறது. புதினத்தில் சிகிச்சைக்குப் பின் இசைத்தட்டுக் கடையில் மோட்சார்ட்டின் இசையைக் கேட்டாலும் அலெக்ஸுக்குக் குமட்டுகிறது. அவனைத் தற்கொலை முயற்சிக்குத் தள்ளுவது ஓட்டோ ஸ்காடெலிக் என்னும் கற்பனை இசையமைப்பாளரின் 3ஆம் சிம்பொனி. இல்லாத ஒருவரின் இசையைத் திரையில் ஒலிக்கவைப்பது எளிதன்று. படத்தில் அந்த இடத்திலும் 9ஆம் சிம்பொனியே வருகிறது. அது ஒன்றுதான் தன்னை வதைக்கிறது என்று அலெக்ஸ் கூறுகிறான்.

இதனால் கதை பார்வையாளருக்கு எளிதில் விளங்குகிறது. ஆனால் ஒரு மனிதனிடமிருந்து இசை என்னும் கலை முழுவதையுமே அரசு பறித்துக்கொள்ளலாமா என்ற புதினத்தின் கேள்வி, படத்தில் ஒரே ஒரு படைப்பின் இழப்பாகச் சுருங்கிவிடுகிறது.

புதிதாகச் சேர்ந்ததும் உண்டு. எழுத்தாளரின் வீட்டில் நடக்கும் தாக்குதலின்போது அலெக்ஸ் 'சிங்கிங் இன் த ரெயின்' பாடலைப் பாடுவது புதினத்தில் இல்லை. பின்னர் அவன் அதே பாட்டைப் பாடுவதைக் கேட்டுத்தான் எழுத்தாளர் அவனை அடையாளம் காண்கிறார். புதினத்தில், அலெக்ஸ் வாய்தவறிச் சொல்லும் சொற்களே ஐயத்தை எழுப்புகின்றன. சொல் செய்த வேலையை இங்கே பாட்டு செய்கிறது.

டெத் இன் வெனிஸ்

தாமஸ் மான் 1912இல் வெளியிட்ட இக்குறும்புதினத்தின் நாயகர் ஆஷன்பாக் ஓர் எழுத்தாளர். 1971இல் வந்த லுகீனோ விஸ்கோந்தியின் படத்தில் அவர் இசையமைப்பாளர். இம்மாற்றத்துக்கு மூலத்திலேயே இடமுண்டு. 1911இல் மறைந்த இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் முதற்பெயரையும் முகச்சாயலையும் மான் தம் நாயகருக்குக் கொடுத்திருந்தார். படத்தில் மாலரின் 5ஆம் சிம்பொனியின் மெதுவான பகுதி மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. எழுத்தாளரின் மனவோட்டத்தை மான் நீண்ட வாக்கியங்களில் எழுதினார். படத்தில் அந்தப் பொறுப்பை இசை ஏற்கிறது.

ஒப்பிடும் முறை

இத்தகைய படைப்புகளை ஒப்பிடும் மாணவர்கள் மூன்று கேள்விகளை எழுப்பலாம்: எந்த இசை நீங்கியது? எது புதிதாக வந்தது? அந்த மாற்றத்தால் கதைமாந்தர் இழப்பதும் பெறுவதும் என்ன? மூன்றாவது கேள்விக்கு விடை காணும்போதுதான் ஒப்பீடு வெறும் பட்டியலாக நின்றுவிடாமல் ஆய்வாகிறது.