நூறு என்று காட்டினால் நூறு பேரா?

ஒடியல் மாவைப் பைக்கற்றில் அடைத்து விற்கும் தெல்லிப்பழை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "விளம்பரத்துக்குக் காசு போட முதல், ஆர் வாங்குவினம் எண்டு இணையத்தில சும்மா பார்க்கேலுமோ? கூகிள் ட்ரெண்ட்ஸ் வட மாகாணத்துக்கு 100 எண்டு காட்டுது. நம்பலாமோ?"

பார்க்கலாம். நம்ப முதல், அந்த 100 எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

கூகிள் எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை. ஒரு பகுதியை மட்டும் அள்ளுகிறது. அதில் 'ஒடியல்' எத்தனை முறை வந்தது என்பதை, அந்த இடத்தின் மொத்தத் தேடல்களால் வகுக்கிறது. கிடைக்கும் விகிதங்களில் மிகப் பெரியதற்கு 100 என்று பட்டம் கட்டி, மற்றவற்றை அதற்கேற்பக் குறைக்கிறது. கற்பனைக்கு ஒரு கணக்கு: வடக்கில் 10,000 தேடல்களில் 5, மேல் மாகாணத்தில் 10 இலட்சத்தில் 200. விகிதப்படி வடக்குக்கு 100, மேற்குக்கு 40. ஆனால் எண்ணிக்கைப்படி மேற்கில் நடந்த தேடல் வடக்கைப்போல் 40 மடங்கு!

ஒரு பகுதியை மட்டும் அள்ளுவது, கூழ்ப்பானைக்குள் அகப்பை விடுகிற கதைதான். கொழும்பு அண்டாவில் எங்கே அள்ளினாலும் நண்டு ஏறக்குறைய ஒரே அளவில் வரும். எங்கள் சின்னப் பானையில் ஒரு நண்டுக்கால் அகப்பையில் விழுந்தால் பானை முழுக்க நண்டு. விழாவிட்டால் சைவக் கூழ். நாளைக்கு வேறு அகப்பை, வேறு எண். பலாக்கொட்டை மாதிரி ஒன்றிரண்டு தேடல்தான் கிடந்தால் 0 என்றே எழுதிவிடுவார்கள். ஒரே ஆள் அடுத்தடுத்துப் பிளாவை நீட்டினாலும், அதாவது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் தேடினாலும், ஒரு தரம்தான் கணக்கு. இதற்கு மேல் இழுத்தால் கூழ் ஆறிவிடும்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: ட்ரெண்ட்ஸ் வந்தது 2006இல். 2008இல், தேடல்களை வைத்தே காய்ச்சல் பரவலைச் சொல்கிறோம் என்று கூகிள் புறப்பட்டது. 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அளவுக்கு மிஞ்சிச் சொல்லி மாட்டிக்கொண்டது. 2015இல் அந்தக் காய்ச்சல் கடையைப் பூட்டியது. "உங்கள் வாடிக்கையாளரின் மனதைச் செயற்கை நுண்ணறிவு படிக்கும்" என்று இன்று காசு கேட்பவர்கள் இந்தக் கதையை எடுப்பதேயில்லை.

ஆகவே மாகாணங்களை மோதவிடாமல், ஒரே இடத்தின் ஐந்து வருடக் கோட்டைப் பாருங்கள். எந்த மாதம் ஏறுகிறது என்பதாவது தெரியும். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியே தட்டுங்கள், இரண்டையும் அது வேறு வேறாகவே எண்ணும். எங்கள் ஆட்கள் வாழும் கனடாவையும் ஒருமுறை பாருங்கள். ஆட்களை நேரில் கேட்டு எடுத்த கணக்கு வேண்டுமானால், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 குடும்ப வருமான, செலவு ஆய்வு இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. மாவட்டவாரியாகச் சாப்பாட்டுச் செலவு அதில் உண்டு. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய விலைகள்.

என்னைக் கேட்டால், பேஸ்புக்கின் விளம்பர நூலகத்தில்தான் முதலில் நுழைவேன். இப்போது ஓடும் விளம்பரங்களை எவரும் பார்க்கலாம். ஒவ்வொன்றும் தொடங்கிய திகதியும் இருக்கும். போட்டிக்கு மா விற்பவர் ஒரே விளம்பரத்தை மாதக்கணக்கில் காசு கட்டி ஓட்டுகிறார் என்றால், அதில் அவருக்கு ஏதோ கிடைக்கிறது. எவ்வளவு என்பதை மட்டும் அங்கே போடமாட்டார்கள்.