டிவி திரையில் திடீரென்று வந்து மறையும் அந்த எண் எதற்குத் தெரியுமா?

மும்பை டிராம்பே, சீத்தா கேம்ப்பில் ஏதோ ஒரு வீடு. ஐபிஎல் கடைசி ஓவர். எல்லோரும் நகம் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் திரையின் ஒரு மூலையில் நீளமாக ஓர் எண் பளிச்சென்று தோன்றும். ரிமோட்டில் எந்தப் பட்டனை அமுக்கினாலும் போகாது. சில நொடிகளில் தானே மறைந்துவிடும். அடுத்த முறை வேறொரு மூலையில் வரும்! கேபிள்காரர் ஏதோ கோளாறு செய்துவிட்டார் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! திருட்டுப் பதிவைத் தடுக்க நம் வீட்டுக்குள் சட்டம் வைத்திருக்கும் காவல் அது. இப்படிப்பட்ட நகல் தடுப்பு உலகம் முழுக்க பெரும் சண்டைகளைக் கிளப்பிய விஷயம். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

அந்த எண் உங்கள் கைரேகை, தெரியுமா?
அதன் பெயரே ‘ஃபிங்கர்பிரின்ட்’! உங்கள் செட்டாப் பாக்ஸையோ அதிலுள்ள கார்டையோ அடையாளம் காட்டும் எண். யாராவது திரையை மொபைலில் படம்பிடித்து வெளியிட்டால், அந்த எண்ணை வைத்து எந்த வீட்டு பாக்ஸ் என்று கண்டுபிடித்துவிடலாம். ரிமோட்டால் அதை நீக்க முடியக் கூடாது, எந்தக் கருவியாலும் மென்பொருளாலும் அழிக்க முடியக் கூடாது, படத்துக்கு மேல் அடுக்கில்தான் வர வேண்டும் என்பதெல்லாம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எழுதிவைத்த விதி!

பதிவு வசதியுள்ள பாக்ஸுக்குப் பூட்டு கட்டாயம், தெரியுமா?
நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வசதி இருந்தால் அந்த பாக்ஸில் நகல் தடுப்பு இருந்தே ஆக வேண்டும். இதுவும் டிராய் விதிதான்! பென்டிரைவில் ஆசையாகப் பதிவு செய்த தமிழ் நிகழ்ச்சி அடுத்த வீட்டு டிவியில் ஓடாமல் முரண்டு பிடிப்பது இதனால்தான். பாக்ஸ் பழுதாகி மாற்றினால், பழைய பதிவுகளும் பெரும்பாலும் அதோடு போச்சு!

மும்பை முழுக்க பாக்ஸ் எப்போது கட்டாயமானது தெரியுமா?
2011-ல் கேபிள் டிவி சட்டம் திருத்தப்பட்டது. 2012 அக்டோபர் 31 நள்ளிரவோடு மும்பையில் பழைய அனலாக் கேபிளுக்கு மூடுவிழா! பாக்ஸ் இல்லாத வீட்டில் கேபிள் டிவி இல்லை. விலை என்ன, மாதம் எவ்வளவு, தமிழ் சேனல்கள் எந்த பேக்கில் வரும்? ஜனங்கள் கேட்டது இவற்றைத்தான். பூட்டைப் பற்றி வாய் திறந்தவர்கள் மிகக் குறைவு!

சென்னை இதை முன்பே பார்த்துவிட்டது, தெரியுமா?
கட்டணச் சேனலுக்கு பாக்ஸ் என்ற ‘கேஸ்’ முறை 2003 செப்டம்பர் 1-ல் தொடங்கியது. மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் எதிர்ப்பு கிளம்பி தள்ளிப்போக, முதலில் இறங்கிய ஒரே நகரம் சென்னை!

அமெரிக்காவில் எல்லாக் கருவிக்கும் பூட்டுப் போடப் பார்த்தார்கள், தெரியுமா?
2002 மார்ச்சில் ஃபிரிட்ஸ் ஹோலிங்ஸ் என்ற செனட்டர் ஒரு மசோதா கொண்டுவந்தார். கம்ப்யூட்டரோ பாட்டு கேட்கும் கருவியோ, டிஜிட்டல் கருவி என்றால் நகல் தடுப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்கக் கூடாது! டிஸ்னி ஆதரித்தது, இன்டெல் எதிர்த்தது. சாதாரண ஜனங்கள் செனட்டுக்கு ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள். பூட்டுச் சில்லுக்கு ‘ஃபிரிட்ஸ் சிப்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கடைசியில் மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்துபோனது!

நூலகங்கள் டிவிக்காக வழக்காடி ஜெயித்தன, தெரியுமா?
டிஜிட்டல் டிவி ஒளிபரப்பில் ‘கொடி’ என்ற ஒரு குறியீடு. அதைக் கண்டால் கருவி நிகழ்ச்சியை இணையத்தில் பரப்ப விடாமல் தடுக்க வேண்டும். 2005 ஜூலை 1 முதல் இது அமெரிக்காவில் கட்டாயமாவதாக இருந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் நீதிமன்றம் போனது. அதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், மே 6 அன்று விதி ரத்து!

துபாயில் வாங்கிய டிவிடி இங்கே ஏன் ஓடவில்லை தெரியுமா?
வளைகுடா நாடுகள் 2-வது மண்டலம், சிங்கப்பூர் 3, இந்தியா 5! காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டுதான், ஆனாலும் மண்டலம் மாறினால் பிளேயர் கதவைத் திறக்காது. ஊருக்கு வந்தவர் ஆசையாகக் கொண்டுவந்த டிவிடி அலமாரியில் தூங்கியது இப்படித்தான்.

நம் நாட்டில் பூட்டை உடைத்தால் எவ்வளவு தண்டனை தெரியுமா?
2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு! ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். சட்டம் தடுக்காத காரியத்துக்காக ஒருவருக்குப் பூட்டைத் திறந்து கொடுத்தால், அவர் பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது!

சென்னையில் எழுந்த குரல் சட்டத்தையே திருப்பியது, தெரியுமா?
நகல் தடைகளால் அதிகம் தவித்தவர்கள் பார்வையற்றோர். ஒரு புத்தகத்தைக் கணினி படித்துக் காட்டவேண்டுமென்றால்கூடத் தடை! படிக்கும் உரிமைக்கான இந்திய இயக்கம் 2009 செப்டம்பரில் சென்னை லயோலா கல்லூரியில் தொடங்கியது. அரசு மசோதா பிரெயில் போன்ற தனி வடிவங்களுக்கு மட்டும் சலுகை தருவதாக இருந்தது. அவர்கள் விடவில்லை. 2012-ல் வந்த சட்டம், அவர்களால் படிக்க முடிகிற எந்த வடிவத்திலும் நகலெடுக்கலாம் என்றது! பின்னர் இதே நோக்கத்துக்காக உலக அளவில் மராகேஷ் ஒப்பந்தம் வந்தபோது, 2014-ல் அதை முதன்முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாவே!

பாருங்கள், ஜனங்கள் பேசிய இடத்திலெல்லாம் சட்டம் வளைந்து கொடுத்திருக்கிறது. பேசாத இடத்தில் பூட்டு சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. படம் எடுத்தவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் உரிய காசு போய்ச் சேர வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் சந்தா கட்டிப் பார்ப்பவருக்கும் உரிமை உண்டு!

நீங்களும் கருத்துச் சொல்லலாம், தெரியுமா?
புதிய விதி கொண்டுவருமுன் டிராய் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்கும். ஒரே பாக்ஸை எந்த நிறுவனத்தோடும் பயன்படுத்தும் வசதி வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராயே பரிந்துரைத்தது இப்படிக் கருத்துக் கேட்ட பிறகுதான்! அடுத்த அறிக்கை வரும்போது டிராம்பேயிலிருந்தும் ஒரு கடிதம் போகட்டும்: ‘பாக்ஸை மாற்றினாலும் நாங்கள் பதிவு செய்தது எங்கள் வீட்டில் ஓட வேண்டும்!’