கொல்லைப்புறத்து விருந்தினர்: கண்டறிதலும் படமெடுத்தலும்

வீட்டின் முன்வாயில் மனிதருக்கு உரியது. கொல்லைப்புறமோ பல உயிர்களுக்கும் பொதுவானது. கழிவுநீர் பாயும் வாழையடி, வைக்கோற்போர், எருக்குழி, கிணற்றடி முருங்கை, வேலியோரத்துக் கிளுவை ஆகிய இவையெல்லாம் நமக்குப் பயன்படுவதோடு, வாய்பேசா விருந்தினர் பலருக்கும் உணவும் உறையுளும் அளித்து வருகின்றன. பகலில் கீரியும் உடும்பும் மயிலும் வருகின்றன. இருள் சூழ்ந்தபின் மரநாயும் கூகையும் முள்ளம்பன்றியும் வருகின்றன. வீட்டார் உறங்கிக் கொண்டிருப்பதால் இவற்றின் வருகையை அவர்கள் அறிவதில்லை. அறிந்தாலும் அச்சத்தினால் தடியைத் தேடுகின்றனர்.

தடியை எடுப்பதற்கு முன் சற்றே நின்று பார்ப்பதும், இயலுமாயின் ஒரு படம் எடுத்து வைப்பதும் குடும்பத்திற்கும் ஊருக்கும் எத்துணைப் பயன் தரும் என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முன்னோடிகள்

காட்டு விலங்கு தானாகவே தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்யும் கலை புதியதன்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் இரவில் விலங்குகளைப் படமெடுக்கும் முறைகளை வகுத்தார். அவர் எடுத்த 74 படங்கள் 1906-ஆம் ஆண்டு நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளியாயின. நம் நாட்டில், அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், விலங்கின் கால் பட்டவுடன் படம் பதிவாகும்படி கம்பி கட்டிப் புலிகளைப் படமெடுத்தார். அப்படங்கள் அடங்கிய அவருடைய நூல் 1927-இல் வெளிவந்தது.

நம் தமிழ்நாட்டிலோ, திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன் இத்துறையில் தனிச்சிறப்புப் பெற்றவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர், 1950 முதல் 1996-இல் தாம் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய கட்டுரைத் தொடரை எழுதி வந்தார். யானையையும் காட்டெருமையையும் கருப்பு வெள்ளைப் படங்களில் பதிவு செய்த இவர், வீட்டுத் தோட்டத்து அணிலையும் காகத்தையும் அதே கருத்துடன் நோக்கி எழுதினார். அருகில் உள்ளதைக் கூர்ந்து காண்பதற்குப் பெருங்காடு தேவையில்லை என்பது இவர் வாழ்க்கையினின்று நாம் பெறும் பாடமாகும்.

யார் வந்தார் என அறிதல்

கருவி எதுவும் வாங்குமுன் மண்ணையே கருவியாகக் கொள்ளலாம். வேலியில் இடைவெளி உள்ள இடத்தில், ஒரு மீட்டர் நீள அகலத்திற்குச் சலித்த மணலைப் பரப்பி, மாலையில் துடைப்பத்தால் சமன் செய்து வைத்தால், காலையில் அது ஒரு பதிவேடாக விளங்கும். நாயின் அடிச்சுவட்டில் நகக்குறி பதியும். பூனை இனத்தின் சுவட்டில் அது பெரும்பாலும் பதிவதில்லை. நடக்கும்போது நகங்களை அது உள்ளிழுத்துக் கொள்வதே காரணம். நாய்க்கும் பூனைக்கும் சுவட்டில் நான்கு விரல்களே தெரியும். மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல்கள் உண்டு. மதில்மேல் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய் வந்து சென்றதென அறியலாம். கருப்பும் வெள்ளையுமான முள் ஒன்று கிடந்தால் வந்தது முள்ளம்பன்றியே, ஐயத்திற்கு இடமில்லை.

கூகையை அறிவதற்கு மற்றொரு வழி உண்டு. அது எலியை முழுதாகவே விழுங்கிவிடும். செரியாத எலும்பையும் மயிரையும் பின்னர் உருண்டையாகக் கக்கிவிடும். பாழ்மண்டபத்தின் அடியிலோ பழைய களஞ்சியத்திலோ அவ்வுருண்டைகள் கிடக்கும். கையுறை அணிந்து அவற்றை எடுத்து நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலிகளின் மண்டையோடுகள் வெளிப்படும். பள்ளி மாணவர்கள் அவற்றை எண்ணிப் பார்ப்பின், சாக்குருவி எனத் தூற்றப்படும் அப்பறவை உழவனின் கூலியில்லாக் காவலாளி என்பது விளங்கும். வயலில் பறவைத் தாங்கிகளை நட்டு வைக்குமாறு வேளாண் துறையினர் கூறுவதும் இது பற்றியே.

தானியங்கிப் படக்கருவி

சுவட்டினால் அறிந்ததை உறுதி செய்வது படம். இன்று சில ஆயிரம் ரூபாய் விலையில் தானியங்கிப் படக்கருவிகள் கிடைக்கின்றன. விலங்கின் உடற்சூட்டினின்று வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர், சுற்றுப்புறத்தின் வெப்பத்தினின்று வேறுபட்டு அசையும்போது, கருவியில் உள்ள உணரி அதனைக் கண்டு படமெடுக்கச் செய்கிறது. இரவில் கண்ணைக் கூசச் செய்யாத அகச்சிவப்பு ஒளியில் படம் பதிவாகும். நாளும் நேரமும் படத்திலேயே பொறிக்கப்படும்.

இக்கருவியை அமைப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கீரி, மரநாய் போன்ற சிறு விலங்குகளுக்கு அதனை முழங்கால் உயரத்திலும், அவை செல்லும் தடத்தினின்று மூன்று நான்கு மீட்டர் தொலைவிலும் கட்டுதல் நன்று. கிழக்கு மேற்காக நோக்கினால் காலை மாலை வெயில் படத்தைக் கெடுக்கும். வடக்கோ தெற்கோ நோக்கியிருத்தல் வேண்டும். நேரே எதிர்வரும் விலங்கைவிடக் குறுக்கே செல்லும் விலங்கையே உணரி எளிதில் அறியும். ஆதலின் தடத்திற்குச் சற்றுச் சாய்வாகக் கருவியை வைக்கலாம். முன்னால் அசையும் புல்லையும் வாழையிலையையும் அகற்றாவிடில், விலங்குக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான இலைப் படங்களே கிடைக்கும். சித்திரை வைகாசிக் கோடையில் காற்றின் வெப்பம் விலங்கின் உடற்சூட்டை நெருங்குவதால், உணரி சில விலங்குகளைத் தவறவிடுவதும் உண்டு.

பகலில் வரும் பிராணிகளைப் படமெடுக்கக் கைப்பேசியே போதும். சன்னல் திரையின் பின் அசையாதிருந்து எடுத்தால் உடும்பு வெயில் காய்வதையும், கீரி தன் குட்டிகளை அழைத்துச் செல்வதையும் காணலாம். ஒன்றை மறத்தலாகாது: கருவி நம் கொல்லையை மட்டுமே நோக்க வேண்டும். அண்டை வீட்டாரின் குளிக்கும் இடமோ வாயிலோ படத்தில் விழுமாயின் விலங்கு நட்புக்காக மனித நட்பை இழக்க நேரிடும்.

படம் தரும் தீர்ப்பு

கிராமங்களில் கோழி காணாமற்போனால் பழி முதலில் கீரியின் மேல் விழுகிறது. பொறி வைக்கின்றனர், சிலர் நஞ்சும் வைக்கின்றனர். கீரி பெரும்பாலும் பகலில் உலவி இரவில் வளைக்குள் உறங்குவது. கோழி நள்ளிரவில் போயிருந்தால் அக்குற்றத்தைக் கீரியின் மேல் சுமத்துதல் பொருந்தாது. அது காட்டுப்பூனையாகவோ மரநாயாகவோ இருக்கலாம்; தெருநாயாகவும் இருக்கலாம். நேரம் பொறித்த ஒரு படம் இவ்வழக்கை ஒரே இரவில் தீர்த்துவிடும். தீர்ந்தபின் செய்ய வேண்டியது யாது? கோழிகளை அந்தியில் அடைத்து, கூட்டைத் தரையினின்று உயர்த்தி, நெருக்கமான கம்பிவலை இட்டால், வருவது எவ்விலங்காயினும் வெறுங்கையோடு திரும்பும். நஞ்சு வைத்தலோ குற்றவாளியைவிட நம் வீட்டு நாயையும் எலி பிடிக்கும் கூகையையும் முதலில் கொல்லும்.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டில் மட்டும் செல்லுவதன்று, கொல்லையிலும் செல்லும். கொல்லுதல் மட்டுமின்றி, பிடித்தல், கண்ணி வைத்தல், நஞ்சிடுதல், பறவை அல்லது ஊர்வனவற்றின் முட்டையையும் கூட்டையும் சிதைத்தல் ஆகியவையும் வேட்டையின்பாற்படும். உடும்பும் மயிலும் தேவாங்கும் அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்று மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றவை.

அருகில் செல்லலாகாதவை

விருந்தினர் அனைவரையும் ஒன்றுபோல் நடத்துதல் இயலாது. மலையடிவார ஊர்களில் பலாப்பழத்தை நாடி யானை வருவதும், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் குடியிருப்புகளில் கரடி நுழைவதும் உண்டு. இவற்றைப் படமெடுக்க வெளியே செல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். கதவை அடைத்து, வனத்துறையினருக்குச் செய்தி அனுப்புவதே கடமை.

பாம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் நம் நாட்டில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் கிராம மக்களே. ஆயினும் அடிபட்டுச் சாகும் பாம்புகளுள் எலிகளை உண்ணும் நஞ்சற்ற சாரையே பல இடங்களில் மிகுதி. தொலைவிலிருந்து எடுத்த ஒரு படம் சாரையையும் நாகத்தையும் பிரித்தறிய உதவும். கடிபட்டவருக்காகப் பாம்பைத் தேடிப் பிடிப்பதோ படமெடுக்கக் காத்திருப்பதோ கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் மருத்துவமனையில் அளிக்கப்படும் முறிமருந்து ஒன்றே. ஆதலின் காலந்தாழ்த்தாது மருத்துவமனை சேர்தலே முதல் வேலை. கீரி, குரங்கு முதலியவை கடித்தாலும் கீறினாலும் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

படத்திற்காக உணவிட்டு ஈர்த்தலும் தவிர்க்கத்தக்கது. இன்று குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் படமெடுப்பவர், நாளை அது சமையலறைக்குள் நுழைந்ததென்று முறையிடுவார். விலங்குக்கு வேண்டுவது உணவிடும் கையன்று; இடம். வேலியில் சிறிது புதரும், நிழலில் ஒரு தொட்டி நீரும், வெட்டப்படாத ஒரு பழமரமும் இருந்தால் அவை தாமே வரும். கூட்டையும் குஞ்சுகளையும் நெருங்குதலும், கூகையின் கண்ணில் பளிச்சிடும் ஒளியைப் பாய்ச்சுதலும் கூடா.

ஊரின் பதிவேடு

படங்கள் கைப்பேசியிலேயே தங்கி அழிந்துவிடுவதால் பயனில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டத்தின்கீழ், உள்ளாட்சி அமைப்புகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் அமைக்கப்பட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள் எழுதப்படுகின்றன. நாம் பார்வையிட்ட சில பதிவேடுகளில் 'அணில், கீரி, மயில்' என மூன்று சொற்களோடு விலங்குப் பக்கம் முடிந்திருந்தது. அடுத்த ஊர்ப் பதிவேட்டிலும் அதே மூன்று சொற்கள், அதே வரிசையில் இருந்தன. ஓர் ஊரில் எவ்வுயிர் வாழ்கிறது என்பது அவ்வூரின் செல்வக் கணக்கன்றோ? அக்கணக்கு வெறுமையாயிருந்தால், நாளை ஏரிக்கரையை அகலப்படுத்தும்போதும், புறம்போக்குப் புதரை வெட்டும்போதும், 'இங்கே இது வாழ்கிறது' எனச் சொல்ல எவரிடமும் சான்று இராது.

சான்று இருந்தால் விளைவு வேறு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குகள் வாழ்வது கணக்கெடுத்துக் காட்டப்பட்டமையால் அன்றோ, 2022-இல் அங்கே 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது! தென் மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் வாழும் முள்ளெலியோ இன்னும் பலரால் அறியப்படாமல் இருக்கிறது. ஆபத்து வந்தால் ஓடாமல் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் அதன் இயல்பு, நரியினின்று அதனைக் காத்தது. சாலையில் விரையும் வண்டியினின்று காக்கவில்லை. கக்குவான் இருமலுக்கு மருந்தென்று அதன் முள்ளைச் சுட்டுப் பொடி செய்யும் பழக்கமும் அதற்குத் தீங்காயிற்று. கொல்லையில் அது வந்த ஒரு படமும், நாளும், இடமும் பதிவேட்டில் ஏறினால் அதுவே பெருந்தொண்டு.

ஆதலின், கிடைத்த படத்துடன் நாள், நேரம், இடம், அருகிருந்த மரம் அல்லது நீர்நிலை, விலங்கு செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஐந்தையும் எழுதி ஊராட்சியில் சேர்க்கலாம். பள்ளிகளின் தேசிய பசுமைப் படை மாணவரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் இப்பணிக்கு ஏற்றவர். பறவைகளைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் அவர்கள் கலந்துகொள்ளலாம். தேவாங்கு, உடும்பு போன்றவை உள்ள இடத்தை மட்டும் பொதுவில் வெளியிடாதிருத்தல் நலம். கைப்பேசிப் படத்தினுள் இடக்குறிப்பு மறைந்திருப்பதுண்டு. வேட்டையாடுவோர்க்கு அதுவே வழிகாட்டியாகிவிடும்.

வீடு கட்டுவோர்க்கு ஒரு வேண்டுகோள். கொல்லை முழுவதையும் சிமெண்டுத் தளமாக்கி, நாற்புறமும் இடைவெளியில்லா மதில் எழுப்புவது இன்று பெருகி வருகிறது. அதனால் மழைநீர் கிணற்றுக்குச் செல்வதில்லை; கீரியும் வருவதில்லை; எலி மட்டும் வருகிறது. மதிலின் அடியில் ஒரு சாண் திறப்பும், ஒரு மூலையில் மண்தரையும் விட்டு வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு வரும் ஒவ்வொரு குடும்பமும், தன் கொல்லைக்கு வந்துபோன ஓர் உயிரின் பெயரையாவது எழுதிக் கொண்டு வருமாயின், ஓராண்டிற்குள் நம் ஊர்களின் பதிவேடுகள் உண்மையில் அவ்வவ்வூர்ப் பதிவேடுகளாகவே விளங்கும். அதற்கு ஊராட்சித் தலைவர்களும் ஆசிரியப் பெருமக்களும் ஊக்கமளிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.