பகிர முன் ஒருமுறை யோசியுங்கள்

வன்னியில் எனக்குத் தெரிந்த பல பெண்கள் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் சவர்க்காரம், சத்துமா விற்கிறார்கள். வீட்டிலிருந்தே உழைக்க அது நல்ல வழி. ஆனால், "நீங்களும் சேருங்கள், மாதம் இலட்சம் உழைக்கலாம்" என்று பதிவிடுவது வேறு விடயம்.

1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது. காசு கட்டிச் சேர்ந்தவரின் வருமானம் பெரும்பாலும் புதிய ஆட்கள் சேர்வதிலேயே தங்கியிருந்தால், அது பிரமிட். நடத்துவது மட்டுமல்ல, விளம்பரப்படுத்துவதும் குற்றம். 3 வருடம் வரை சிறை, 10 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். மற்றவர்களுக்கு நட்டம் ஏற்பட்டால் தண்டனை இன்னும் கூடும்.

ஆகவே பொருளைப் பற்றி எழுதுங்கள், விலையைப் போடுங்கள். வருமானத்துக்கு உறுதி கொடுக்காதீர்கள். நோய் தீரும் என்றும் எழுதாதீர்கள். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்கள் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உள்ளன. அங்கே பெயர் இல்லை என்பதற்காக ஒரு திட்டம் சட்டபூர்வமானதாகிவிடாது.

கொம்பனி அனுப்பிய படமாக இருந்தாலும், பதிவில் இருப்பது உங்கள் பெயர். அதை நம்பிச் சேருவது உங்கள் அக்காவும் பக்கத்து வீட்டாரும்தான். போருக்குப் பிறகு மிஞ்சிய நகையை அடகு வைத்துச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.