பெராக்சைடு பாலம்

மலேரியாக் கிருமியைக் கொல்லும். ஆனால் நீரில் கரையாது, எண்ணெயிலும் சரியாகக் கரையாது. 1970-களில் சீன வேதியியலாளர்கள் கையில் வைத்திருந்த ஆர்ட்டிமிசினினின் சங்கடம் இதுதான். நினைவு தப்பிக் கிடக்கும் நோயாளியால் மாத்திரையை விழுங்க முடியாது. ஊசி போடலாமென்றால் மருந்து கரைய வேண்டுமே!

ஆர்ட்டிமீசியா அன்னுவா என்ற செடியின் இலையில் இருப்பது இது. (நம் பூக்கடைகளில் கதம்பத்தோடு சேரும் மரிக்கொழுந்தும் இதே பேரினம்தான், ஆனால் அதை மணத்துக்காகத்தான் வளர்க்கிறோம்.) கொதிக்கவைத்தால் வீரியம் போய்விடுகிறது. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியத்தான் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்ட சீன ஆய்வாளர் து யூயூ, 1971-இல் குறைந்த வெப்பத்தில் ஈதரால் சாரம் எடுத்தார். 2015-இல் நோபல் பரிசு வந்தது.

இதன் மூலக்கூற்றில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் நேருக்கு நேர் கைகோத்து நிற்கின்றன. இதுவே பெராக்சைடு பாலம். சிவப்பணுவுக்குள் புகுந்த கிருமி ஹீமோகுளோபினைத் தின்னும்போது வெளிப்படும் ஹீம் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்கிறது. பிறக்கும் தனியுறுப்புகள் கிருமியின் புரதங்களையே தாக்குகின்றன. பாலம் இல்லையேல் மருந்தும் இல்லை.

பெராக்சைடு பொதுவாக எளிதில் சிதையும். கரையும் வடிவம் தேடி, அதன்மேல் ஒடுக்கும் வேதிப்பொருளான சோடியம் போரோஹைட்ரைடைப் பிரயோகித்தது துணிச்சல்தான். ஆனால் பாலம் தப்பியது. மூலக்கூற்றின் லாக்டோன் பகுதியில் இருந்த கார்பனைல் தொகுதி மட்டும் ஹைட்ராக்சில் தொகுதியாக மாறியது. இப்படிக் கிடைத்த டைஹைட்ரோ ஆர்ட்டிமிசினின், தாய்ப்பொருளைவிட வீரியமானது. புது ஹைட்ராக்சிலில் மெத்தில் சேர்த்தால் எண்ணெயில் கரையும் ஆர்ட்டிமீத்தர்; சக்சினிக் அமிலம் சேர்த்தால் ஆர்ட்டிசுனேட். பின்னதன் நுனியில் அமிலத் தொகுதி இருப்பதால் சோடியத்தோடு சேர்ந்து உப்பாகி நீரில் கரைந்துவிடும்.

கரைசலாகவே வைத்திருந்தால் கெட்டுவிடும் என்பதால் ஆர்ட்டிசுனேட் பொடியாகவே குப்பியில் வருகிறது. 60 மில்லிகிராம் பொடியில் 1 மில்லி சோடியம் பைகார்பனேட் கரைசலைச் செலுத்திக் குலுக்கினால் நுரைத்து, கலங்கி, பிறகு தெளியும். அதை நீர்க்கச் செய்து உடனே சிரையில் ஏற்றுகிறார்கள். கடும் மலேரியா நோயாளிகளிடம் இந்தியா உட்பட நான்கு ஆசிய நாடுகளில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில் பழைய மலேரியா மருந்தான குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம்.

குறையும் உண்டு. இந்த மருந்துகள் சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். தப்பிய கிருமிகள் மீண்டும் பெருகும். அதனால்தான் மாத்திரையில் ஆர்ட்டிமீத்தருடன், உடலில் நாள்கணக்கில் தங்கும் லூமிஃபேன்ட்ரின் என்ற இன்னொரு மலேரியா மருந்தைச் சேர்க்கிறார்கள். அப்படியும் மேற்குக் கம்போடியாவில் இந்த மருந்துகளுக்குச் சாவகாசமாகவே அடங்கும் கிருமிகள் தலைகாட்டிவிட்டன.